தாயைப் பெயர் சொல்லி அழைக்கிறாள்

மில்பர்ன், நெப்ராஸ்கா
செப்டம்பர் 14, 1993

அன்புள்ள லோர்னா அக்காவுக்கு,

டெல் எழுதுகிறேன். நான் சௌக்கியம். இடது முழங்கால் மட்டும் மழைக்கு முதல் நாளே சேதி சொல்லிவிடுகிறது. உங்கள் ஆஸ்டோரியாவில் மழை நிற்பதே இல்லை, உன் முழங்கால் எதைத்தான் முன்கூட்டிச் சொல்லும்? உனக்கும் கஸ் அத்தானுக்கும் உடம்பு எப்படி என்று எழுது.

போன வாரம் நீதிபதி முன்னால் கையைத் தூக்கிச் சத்தியம் செய்துவிட்டு வந்தேன். பயப்படாதே, நான் எதையும் திருடவில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன், அவ்வளவுதான். பெற்றவர்களிடமிருந்து பிரித்து வேறு வீடுகளில் வைத்திருக்கும் குழந்தைகளுக்காகக் கோர்ட்டில் பேச ஆள் வேண்டும் என்று சர்ச்சில் ஒரு அம்மாள் வந்து சொன்னாள். வக்கீலாக இருக்க வேண்டாம், சம்பளம் கிடையாது, பொறுமையும் ஒரு வண்டியும் இருந்தால் போதும் என்றாள். முப்பது வருஷம் மாவட்டத்தின் மண் சாலைகளைச் சமன்செய்யும் கிரேடர் வண்டி ஓட்டியவனுக்குப் பொறுமை வேறு எங்கிருந்து வரவேண்டும்? என் மனைவி ஃபிலிஸ் கண்ணை மூடிய பிறகு வீட்டில் என் குரலை நானே கேட்டு அலுத்துவிட்டது. கையைத் தூக்கினேன்.

வேலை இதுதான். ஒரு குழந்தையை மாதாமாதம் போய்ப் பார்க்க வேண்டும். அவளுடைய டீச்சர், டாக்டர், பெற்றவள், வளர்ப்பவள் எல்லாரிடமும் பேச வேண்டும். அவளுக்கு எது நல்லது என்று நீதிபதிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். தாய்க்கு ஒரு வக்கீல், அரசாங்கத்துக்கு ஒரு வக்கீல். குழந்தைக்கு மட்டுமே என்று நான் ஒருவன். அவளை என் வண்டியில் ஏற்றக்கூடாது, வீட்டுக்கு அழைத்து வரக்கூடாது, பரிசு வாங்கிக் கொடுக்கக்கூடாது, பெயரை யாரிடமும் சொல்லக்கூடாது.

அதனால் உனக்காக ஒரு பெயர் வைத்திருக்கிறேன். பெட்டூனியா. ஆமாம், நம் அப்பாவின் கோவேறு கழுதை பெயர்தான். நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நகர மாட்டேன் என்று நின்றால் யாராலும் அசைக்க முடியாதே, இவளும் அதே ஜாதி. ஒன்பது வயது. தாய் குடித்துவிட்டு இவளை அடுப்பெரியாத வீட்டில் தனியாக விட்டுப் போனதால் பிரித்தார்கள். இப்போது இருப்பது மூன்றாவது வீடு. தாயிடம் திரும்பிப் போவதா, இருக்கிற வீட்டுக்கே தத்துப் போவதா என்று வரும் மே மாதம் நீதிபதி முடிவு சொல்வார். அதற்குள் நான் கண்டுபிடிக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானைப் படகில் ஏற விடாதே.

உன் தம்பி,
டெல்


ஆஸ்டோரியா, ஆரெகன்
அக்டோபர் 3, 1993

அன்புத் தம்பி டெல்லுக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லாரும் நலம். என் வலது கண்ணில் மட்டும் கொஞ்சம் பனி மூட்டமாக இருக்கிறது, வயது. முழங்காலுக்குச் சூடான ஒத்தடம் கொடு.

உன்னைப் போய்க் குழந்தைக்குக் காவலாகப் போட்ட அந்த நீதிபதியைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். நாய்க்குச் சோறு வைக்க மறந்து, அது பக்கத்துப் பண்ணைக்கே குடிபோனது நினைவிருக்கிறதா? இருந்தாலும் நல்ல காரியம்தான். ஒன்று சொல்கிறேன், கேள். குழந்தையின் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்காதே, போலீஸ்காரன் மாதிரி இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கையில் ஏதாவது வேலை வைத்துக்கொள். அதுவாகப் பேசும்.

கஸ் வலையைத் தொடுவதில்லை. படகை மட்டும் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். ஐலா ஞாயிறுதோறும் யூஜினிலிருந்து போன் செய்கிறாள். அப்பாவிடம் வெகுநேரம் பேசுவாள். பிறகு அவர் என்னிடம் கொடுப்பார். "எப்படி இருக்கீங்க லோர்னா?" "நல்லா இருக்கேன்." அவ்வளவுதான். நான் கஸ்ஸைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தபோது ஆறு வயதில் அவளுக்கு இருந்த முகம் மாறி, நாளுக்கு நாள் அவளைப் பெற்றவள் ஜாடையாகிவிட்டது. கூடத்தில் மாட்டியிருக்கும் கஸ்ஸின் முதல் மனைவியின் படத்தைத் துடைக்கும்போது எனக்கே திடுக்கென்கிறது. அதை விடு.

பெட்டூனியா என்ன சாப்பிடுகிறாள், எப்படித் தூங்குகிறாள், எழுது. அவள் தாய்க்கும் வளர்ப்பவளுக்கும் ஒரு பெயர் வை. 'அவள்' 'இவள்' என்று நீ எழுதினால் எனக்கு யார் யாரென்றே புரியாது.

அக்கா,
லோர்னா


மில்பர்ன்
நவம்பர் 7, 1993

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே முதல் உறைபனி விழுந்துவிட்டது. நான் தெம்பாக இருக்கிறேன். கண்ணை டாக்டரிடம் காட்டினாயா? காட்டியிருக்க மாட்டாய்.

வளர்ப்பவளுக்கு வில்டா என்று வைத்துக்கொள்வோம். நம் சித்தி மாதிரியே கைமணம். சோளப் பண்ணை, அமைதியான கணவன், பிள்ளை இல்லை. நான் போன அன்று பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும். பெட்டூனியா ரொட்டியைக் குழம்பில் தோய்த்து மூன்று தின்றாள். தூக்கத்துக்கும் குறைவில்லை. நீ சொன்னபடி கேள்வி கேட்காமல் அவளோடு உட்கார்ந்து வாதுமைக் கொட்டை உடைத்தேன். இரண்டு தடவை என் கட்டைவிரலை உடைத்துக்கொண்டேன். அதைப் பார்த்துச் சிரித்தாள். அதன் பிறகு பேச்சு வந்தது.

இப்போது பெருமை அடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள். அவள் பேச்சில் ஒன்றைக் கவனித்தேன். வில்டாவை "அம்மா" என்கிறாள். வந்த முதல் வாரத்திலிருந்தே அப்படித்தானாம். பெற்றவளை மட்டும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். அவளுக்கு ரோனா என்று வைக்கிறேன். "ரோனா போன்ல பேசுனா", "ரோனாவுக்குப் பல் வலி", இப்படி. என் முதல் அறிக்கையில் எழுதினேன்: "வளர்ப்புத் தாயை அம்மா என்கிறாள். பெற்ற தாயைப் பெயர் சொல்லி அழைக்கிறாள். பற்று குறைந்துவிட்டதாகத் தெரிகிறது."

கோர்ட்டில் நீதிபதி ஹேவர்காம்ப் அந்த வரியைச் சத்தமாக வாசித்தார். அரசு வக்கீல் தலையாட்டினார், குழந்தை நல அலுவலர் குறித்துக்கொண்டார். இவ்வளவு கவனமாக யாரும் எழுதியதில்லை என்று நீதிபதி சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ரோனா தன் வக்கீலின் பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண், இருபத்தாறு வயதுதான்.

அத்தானையும் ஐலாவையும் விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி,
டெல்


ஆஸ்டோரியா
நவம்பர் 30, 1993

தம்பி டெல்லுக்கு,

நாங்கள் நலம். கண்ணைக் காட்டினேன். புரை விழுந்திருக்கிறது, அடுத்த கோடையில் ஆபரேஷன் என்கிறார்கள்.

நன்றித் திருநாளுக்கு ஐலா வந்திருந்தாள். வான்கோழி சமைத்தேன். பாத்திரம் எல்லாம் அவளே கழுவினாள். சனிக்கிழமை போய்விட்டாள்.

நீ எழுதிய விஷயம். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பிள்ளையை ஒன்றும் செய்ய முடியாது. ஊட்டினாலும் முடியாது, சீவிவிட்டாலும் முடியாது. ஒட்டாதது ஒட்டாது. வில்டாவிடம் ஒட்டியிருந்தால் அங்கேயே இருக்கட்டும்.

குளிரில் வெளியே போகும்போது காதை மூடிக்கொள்.

லோர்னா


மில்பர்ன்
ஜனவரி 23, 1994

அன்புள்ள அக்காவுக்கு,

பனி ஜன்னல் வரை ஏறியிருக்கிறது. காதை மூடிக்கொண்டுதான் எழுதுகிறேன். உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? போன கடிதம் அத்தனை சிறியதாக இருந்தது, காகிதம் தீர்ந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

ரோனாவை அவள் வேலை செய்கிற இடத்தில் போய்ப் பார்த்தேன். முதியோர் விடுதியில் துணி துவைக்கும் வேலை. குடியை விட்டு ஒரு வருஷம் ஆகப் போகிறது. அவளுடைய மேலாளர் ஒரு நாள்கூட அவள் தாமதமாக வந்ததில்லை என்றார். வாடகைக்கு ஓர் அறையும் சமையலறையும் எடுத்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "நீங்கதானே அதை எழுதுனவரு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

வாரம் ஒரு தடவை அலுவலகத்தில் ஓர் அறையில் தாயும் மகளும் சந்திக்கிறார்கள். ஒரு மூலையில் அலுவலர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார். நானும் போய் உட்கார்ந்தேன். சீட்டு விளையாடினார்கள். ரோனா வேண்டுமென்றே தோற்றாள். பெட்டூனியா சீட்டைக் கீழே வைத்துவிட்டு, "ரோனா, சும்மா விட்டுக்கொடுக்காத. ஒழுங்கா ஆடு" என்று அதட்டினாள். தாய்க்கு மகளிடம் மதிப்பில்லை என்று அலுவலர் எழுதிக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வில்டாவும் கணவனும் தத்தெடுக்க மனுக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல வீடு, நல்ல மனிதர்கள், சொந்த அறை. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. மே மாதம் என் அறிக்கையில் அங்கேயே இருக்கட்டும் என்று எழுதப் போகிறேன். ரோனா பாவம்தான். ஆனால் நான் ரோனாவுக்கு ஆள் இல்லை.

சீக்கிரம் பதில் எழுது. கண் எப்படி இருக்கிறது?

டெல்


மில்பர்ன்
மார்ச் 13, 1994

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதி மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. போனில் அத்தானைப் பிடித்தேன். நீ நன்றாக இருப்பதாகவும் எழுதுவதாகவும் சொன்னார். எழுதக் காணோம். நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா?

இங்கே ஒரு விஷயம் நடந்துவிட்டது. யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

போன வாரம் வில்டா என்னைக் கூப்பிட்டனுப்பினாள். கணவன் வயலுக்குப் போயிருந்தான், பிள்ளை பள்ளிக்கூடத்தில். காபியை என் முன்னால் வைத்துவிட்டு, உட்காராமலே சொன்னாள். சனிக்கிழமை அவளும் பெட்டூனியாவும் மளிகைக் கடைக்குப் போயிருக்கிறார்கள். மாவு அடுக்கியிருந்த வரிசையில் பிள்ளை சந்தோஷமாக "அம்மா!" என்று கூப்பிட்டிருக்கிறது. வில்டா திரும்பினாள். எதிரே இன்னொருத்தியும் திரும்பினாள். அது இதற்கு முந்தைய வளர்ப்பு வீட்டுக்காரி.

"என்னைக் கூப்பிடல. அவளைத்தான் கூப்பிட்டுது" என்றாள் வில்டா. "அந்தப் பொம்பளைக்கு இவ பேருகூடச் சட்டுனு வாயில வரல. பிள்ளைக்கு அது ஒரு பொருட்டாவே இல்ல. ரெண்டு வார்த்தை பேசிட்டு என்கிட்ட வந்து, 'அம்மா, மாவு எடுத்தாச்சா'ன்னு கேக்குது."

நான் காபியைக் குடித்தேன். சூட்டில் நாக்கைச் சுட்டுக்கொண்டேன். அவள் மேஜையைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"இதை உங்ககிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம். ரெண்டு நாள் இருந்து பாத்தேன். தூக்கம் வரல" என்றாள்.

அக்கா, அந்தப் பெண்பிள்ளைக்கு என்ன மனசு பார். சொல்லாமல் இருந்தால் பிள்ளை அவளுக்கு.

பள்ளிப் பேருந்து வந்ததும் பெட்டூனியாவோடு கோழிக்குத் தீனி வைக்கப் போனேன். கையில் வேலை இருக்கும்போதே கேட்டேன்: முந்தைய வீட்டுக்காரியை ஏன் அம்மா என்றாய்? நான் மந்தபுத்திக்காரன் என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"அது அவங்க வீடு. எல்லா வீட்டுலயும் ஒரு அம்மா இருப்பாங்க. பேரு மாறிக்கிட்டே இருக்கும், மறந்துபோயிடும். அம்மான்னு சொன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

"அப்ப ரோனா?"

"ரோனா எப்படி அம்மாவாவா?" என்றாள். "ரோனா ஒருத்திதான் இருக்கா."

தீனித் தட்டை வாங்கிக்கொண்டு அவள் பாட்டுக்கு அடுத்த கூண்டுக்குப் போய்விட்டாள். நான் நின்றுவிட்டேன். ஒரு கோழி என் செருப்பைக் கொத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் ரோனாவிடம் போய்க் கேட்டேன். பதினேழு வயதில் பெற்றாளாம். வீட்டில் அவள் தாய், அண்ணன்கள், வந்து போகிறவர்கள் எல்லாரும் அவளை ரோனா என்றே கூப்பிட, பிள்ளை வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தையே அதுதானாம். அதை மாற்ற மனசு வரவில்லையாம். "கோர்ட்டுல அதை வாசிச்சப்ப எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல" என்றாள்.

காதில் விழுந்ததை எழுதினேன், சரி. அதற்கு அர்த்தம் சொல்ல என்னை யார் கேட்டது? என் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் அந்தப் பிள்ளையைத் தாயிடமிருந்து நிரந்தரமாகப் பிரிக்கப் போகிறார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன் குரலைக் கேட்டால் தேவலை. எழுது.

டெல்


ஆஸ்டோரியா
ஏப்ரல் 24, 1994

அன்புத் தம்பி டெல்லுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. கோபமும் இல்லை. உன் கடிதத்துக்கு மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். இது நான்காவது, இதையாவது ஒட்டி அனுப்பிவிட வேண்டும்.

பெட்டூனியா அதைச் சொன்னபோது முகம் எப்படி இருந்தது? யோசித்துச் சொன்னாளா, சட்டென்று சொன்னாளா? ரோனாவுக்கு இத்தனை வருஷமும் அது தெரிந்திருந்ததா, அல்லது அவளும் ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் உள்ளுக்குள் ஒரு முள் குத்திக்கொண்டுதான் இருந்தாளா? எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஏன் என்று கேட்காதே.

நீ செய்ய வேண்டியது சுலபம். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்காராதே. எழுதிய கையே திருத்தட்டும். பிள்ளை சொன்னதைப் பிள்ளை சொன்ன வார்த்தையிலேயே எழுது. உன் புத்திசாலித்தனத்தை ஒரு சொட்டுகூடச் சேர்க்காதே. அதற்கு முன்னால் ரோனா வீட்டு அடுப்பைப் பார், குளிர்பெட்டியைத் திறந்து பார், கட்டிலுக்கடியில் பார். ஆசை மட்டும் இருந்தால் போதாது, பிள்ளைக்கு அங்கே சூடும் சோறும் இருக்க வேண்டும்.

ஆபரேஷன் ஜூனில். ஐலா லீவு போட்டுவிட்டு வந்து பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். வேண்டாம், உனக்கு வேலை இருக்கும் என்றேன். வருவேன் என்றாள்.

வில்டாவுக்கு என் பெயரைச் சொல்லாமல் என் வணக்கத்தைச் சொல்.

உன் அக்கா,
லோர்னா


மில்பர்ன்
மே 22, 1994

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் பாதி உடம்பு சரியாகிவிட்டது. மீதி உடம்பு வழக்கம்போல. கண்ணுக்கு இப்போது எப்படி?

உன் கேள்விக்குப் பதில்: சட்டென்று சொன்னாள். வானம் மேலே இருக்கிறது என்பதுபோல. ரோனாவிடமும் கேட்டேன். "எனக்கும் சில நாள் வலிக்கும். பஸ்ல மத்தப் பிள்ளைங்க அம்மா அம்மான்னு கூப்பிடறப்ப" என்றாள்.

ரோனா வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் நாலு தடவை போனேன். அடுப்பு எரிகிறது. குளிர்பெட்டியில் பாலும் முட்டையும் இருந்தன. கட்டிலுக்கடியில் ஒரு பூனை இருந்தது, என்னைப் பிறாண்டிவிட்டது. குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்கு வாரத்தில் மூன்று நாள் போகிறாள். கூட்டத்தில் அவளுக்குத் துணையாக ஒரு கிழவி இருக்கிறாள். அந்த அம்மாள் என்னைக் கேட்ட கேள்விகளைப் பார்த்தால் அவளைத்தான் கோர்ட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

புதன்கிழமை விசாரணை. பிள்ளையைத் தாயிடம் அனுப்பலாம் என்று எழுதியிருந்தேன். அரசு வக்கீல் என் பழைய அறிக்கையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"தாயைப் பெயர் சொல்லி அழைக்கிறாள், பற்று குறைவு. இதை எழுதினது நீங்கதானே?"

"நான்தான்."

"இப்ப மாத்திச் சொல்றீங்க."

"முதல் பாதி நான் கேட்டது. ரெண்டாவது பாதி நானா சேத்தது. கேட்டது இப்பவும் சரிதான். சேத்தது தப்பு" என்றேன். கோழிக் கூண்டில் அவள் சொன்னதை, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். யானைக்கே அடி சறுக்கும்போது கிரேடர்காரனுக்குச் சறுக்காதா என்று சொல்ல நினைத்து, உன்னை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

நீதிபதி வில்டாவைப் பார்த்தார். ஏதாவது சொல்ல விருப்பமா என்று கேட்டார். கணவன் அவள் கையைப் பிடித்தான். அவள் எழுந்தாள்.

"அவ என்னை அம்மான்னு கூப்பிடறது எனக்கு உசிரு" என்றாள். "ஆனா அது என் பேரு இல்லங்க. எங்க வீட்டுல நான் செய்யற வேலையோட பேரு."

உட்கார்ந்துவிட்டாள். ரோனா திரும்பி அவளைப் பார்த்தாள்.

பள்ளி மூடியதும் பிள்ளை ரோனாவிடம் போகலாம். கோடை முழுவதும் அலுவலரும் நானும் போய்ப் பார்க்க வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் எல்லாம் சரியாக இருந்தால் வழக்கை மூடிவிடலாம். மறுபடி குடித்தால் அதே நாளில் பிள்ளையை எடுத்துவிடுவேன் என்று நீதிபதி ரோனாவிடம் முகத்துக்கு நேரே சொன்னார். "சரிங்க" என்றாள்.

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தேன். ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

ஆபரேஷன் முடிந்ததும் அத்தானையாவது ஒரு வரி எழுதச் சொல்.

டெல்


ஆஸ்டோரியா
ஜூலை 3, 1994

அன்புத் தம்பி டெல்லுக்கு,

ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன், வரி கோணலாகத்தான் போகும். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. புதுக் கண்ணில் பார்த்தால் வீடு முழுக்கத் தூசி. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கோடையில் அதற்கு விடுமுறைதானே?

உன் கடிதத்தை ஐலாதான் எனக்கு வாசித்துக் காட்டினாள். முந்தைய கடிதங்களையும் கேட்டாள், கொடுத்தேன். உன் விதியை மீறிவிட்டேன் என்று வையாதே; எல்லாம் நீ வைத்த பெயர்கள்தானே.

ஆஸ்பத்திரியில் ஒன்று நடந்தது. நான் திரைக்குப் பின்னால் கட்டோடு படுத்திருந்தேன். நர்ஸ் ஐலாவிடம், உங்கள் அம்மா ஒரு வாரம் குனியக்கூடாது என்றாள். "அவங்க என் அம்மா இல்ல" என்றாள் ஐலா. இருபத்தேழு வருஷமாக எனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. அவள் நிறுத்தவில்லை.

"எங்க அம்மா நான் சின்னப் பிள்ளையா இருக்கறப்பவே போயிட்டாங்க. முகம்கூட போட்டோவுலதான் தெரியும். இவங்க லோர்னா. என்னை வளர்த்தது, பள்ளிக்கூடம் அனுப்புனது, ஜுரம் வந்தா உக்காந்திருந்தது எல்லாம் லோர்னாதான். இவங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு வேற யாரும் இல்ல. அதனால என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாதுன்னு மெதுவா, ஒண்ணு விடாம சொல்லுங்க."

நான் மூக்கைச் சிந்தினேன். கண்ணில் கட்டோடு மூக்குச் சிந்தக்கூடாது என்று நர்ஸ் என்னைத் திட்டினாள்.

இதைப் பற்றி நீ பதில் எழுத வேண்டாம். எழுதினால் தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அவள் இன்னும் ஊருக்குப் போகவில்லை. கூட ஒரு வாரம் இருக்கிறாளாம். படத்தை நான் துடைக்கப் போனேன். குனியக்கூடாது, நிமிரவும் கூடாது என்று என் கையிலிருந்து துணியைப் பிடுங்கிக்கொண்டாள். தினமும் உப்பில்லாத சால்மன் மீன் சூப் வைக்கிறாள். வாயில் வைக்க முடியவில்லை. இரண்டு கிண்ணம் குடிக்கிறேன்.

பெட்டூனியா வீட்டில் எல்லாம் சுகமா?

அக்கா,
லோர்னா


மில்பர்ன்
செப்டம்பர் 5, 1994

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்டுக்கொண்டபடி அதைப் பற்றி நான் எழுதவில்லை. ஆனால் உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன், அதைத் தடுக்க உனக்கு அதிகாரமில்லை. என் முழங்கால் உட்பட இங்கே எல்லாரும் நலம். இப்போது இரண்டு கண்ணாலும் வாசிக்கிறாயா?

போன வாரம் வழக்கை மூடிவிட்டார்கள். கோடை முழுக்க ரோனா ஒரு தடவைகூடத் தவறவில்லை. நூறு டிகிரி சூட்டில் துணி துவைத்துவிட்டு வந்து, மாலையில் பிள்ளைக்கு நீச்சல் கற்றுக்கொடுத்திருக்கிறாள். சண்டையும் உண்டு, பல் தேய்க்க மாட்டேன் என்று பெட்டூனியா நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றதை என் கண்ணாலேயே பார்த்தேன். ரோனா அசையவில்லை. கடைசியில் பல் தேய்க்கப்பட்டது. அன்றைக்குத்தான் எனக்கு முழு நிம்மதி.

நீதிபதி கையெழுத்துப் போட்டு, எனக்கு நன்றி சொல்லி, இனி இந்தக் குடும்பத்தில் உங்களுக்கு வேலை இல்லை என்றார். அதுதான் இந்த வேலையில் கிடைக்கிற உச்ச மரியாதை. எல்லாரும் வெளியே தாழ்வாரத்துக்கு வந்தோம். அந்தக் கோடியில் வில்டா நின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் வரச் சொல்லவில்லை. பிள்ளையின் சைக்கிள் அவர்கள் கொட்டகையிலேயே நின்றுவிட்டதாம். வண்டியில் போட்டுக் கொண்டு வந்திருந்தாள். மே மாதத்துக்கு அப்புறம் அவர்கள் சந்திக்கவில்லை. உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பெட்டூனியா அவளைப் பார்த்தாள். ரோனாவின் கையை விட்டாள். என்னைத் தாண்டி ஓடினாள். எனக்கு ஒரு டாட்டாகூடக் கிடையாது. ஓடிக்கொண்டே கூப்பிட்டாள். அம்மா என்று இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நான் உனக்காக வைத்த வில்டா என்ற பெயர் இல்லை. அவளுடைய சொந்தப் பெயரை. அந்தப் பெயர் பிள்ளைக்குத் தெரியும் என்பதே எங்களில் யாருக்கும் தெரியாது.

வில்டா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அரசு வக்கீல் பக்கத்தில் போய் அவள் தோளைத் தட்டினார். நல்ல மனிதர்தான். "மனசுல வெச்சுக்காதீங்கம்மா" என்றார். "பிள்ளைங்க அப்படித்தான், சீக்கிரம் மறந்துடுவாங்க."

"சரிங்க" என்றாள் வில்டா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. பிள்ளையின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"கேட்டீங்களா?" என்றாள்.

கேட்டேன் என்றேன். ரோனாவும் கேட்டிருந்தாள். சிரித்துக்கொண்டே அவர்களை நோக்கி நடந்தாள்.

அடுத்த மாதம் எனக்கு வேறொரு பிள்ளை தருகிறார்கள். அதற்கும் ஒரு பெயர் யோசித்து வை. அத்தானுக்கும் ஐலாவுக்கும் என் அன்பு. ஐலாவை உப்புப் போடச் சொல்.

உன் தம்பி,
டெல்